முள்ளும் இரண்டு இளநீரும்

ஆஸ்பத்திரியில் எனக்குத் தபாலம்மா என்று பெயர். தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்றவள் என்பதால் மட்டும் வந்த பெயரில்லை அது. கந்தோரில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து சனத்தை அதட்டியிருக்கக்கூடிய அதே குரலில்தான் இங்கேயும் எல்லாரையும் அதட்டுகிறேன் என்று ஒரு நேர்ஸ் மிஸ்ஸி சொன்னா. அன்றிலிருந்து அது ஒட்டிக்கொண்டது. எனக்கு மூக்கின் மேல் கோபம். மறைத்து ஒரு பிரயோசனமும் இல்லை, என்னைத் தெரிந்த எல்லாருக்கும் அது தெரியும்.

பிரஷரும் சீனி வருத்தமும் சேர்ந்து என் சிறுநீரகங்களை முடித்துவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் நெளுக்குளத்திலிருந்து ஓட்டோவில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவேன். அங்கே மெசினில் போடுவார்கள். கையில் இரண்டு தடித்த ஊசியை ஏற்றி, இரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து, திரும்பவும் உடம்புக்குள் விடுகிற மெசின். நாலு மணித்தியாலம் அசையாமல் கிடக்க வேண்டும். வாய் மட்டும் அசையலாம். அது எனக்குப் போதுமாக இருந்தது.

சாப்பாட்டிலும் ஆயிரம் சட்டம். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். வாழைப்பழம் கூடாது. இளநீர் அறவே கூடாது. அதில் பொட்டாசியம் என்று ஒரு உப்பு இருக்கிறதாம். நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும், எங்களுடையது தள்ளாது, இரத்தத்தில் அது கூடினால் இதயம் நின்றுபோகும். டொக்டர் முதல் நாளே இதைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். வருத்தக்காரரைப் பார்க்கப் போனால் எங்கள் சனம் முதலில் தூக்கிக்கொண்டு போவது இளநீரைத்தான் என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருந்தார். நாற்பது வயது வரும். அவருடைய அப்பா கலவரக் காலத்தில் மலையகத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர். இவர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். தோள் இரண்டும் அப்போதும் அகலமாக இருந்தன, ஆனால் சட்டை அந்தத் தோளில் தொங்கிக்கொண்டு கிடந்தது. பிரஷர் இல்லை, சீனி இல்லை, குடி இல்லை, ஆனாலும் சிறுநீரகம் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் வயலிலும் வெயிலிலும் வேலை செய்கிற எத்தனையோ பேருக்கு அப்படித்தான் போகிறது. கிணற்றுத் தண்ணியால் என்பார்கள், பயிருக்கு அடிக்கிற மருந்தால் என்பார்கள், முடிவாக ஒருவருக்கும் தெரியாது. நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வருவார். ஊசி குத்தும்போது மட்டும் முருகா என்பார்.

நான் வேதக்காரி. போதகர் வராத ஞாயிறுகளில் எங்கள் சின்னச் சபையில் பிரசங்கம் செய்கிறவள் நான்தான். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகச் செய்வேன். மைக் தேவையில்லை. அந்தப் பழக்கம் மெசினிலும் விடவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, ஊசி ஏறிய நேரம் தொடக்கம் அவர் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். முகம் சரியில்லை. நான் என் கைப்பையில் இருந்த வேதாகமத்தை மிஸ்ஸியைக் கொண்டு எடுப்பித்து, அவருக்கு முள்ளின் கதையைச் சொன்னேன்.

கதை சின்னது. பழைய காலத்து அப்போஸ்தலர் ஒருவர். ஊர் ஊராகப் போய்ச் சபைகளைக் கட்டியவர், பெரிய மனிதர். அவருடைய உடம்பில் ஒரு முள் இருந்ததாக அவரே ஒரு சபைக்கு எழுதுகிறார். நோயா, வேறு என்ன உபத்திரவமா என்று சொல்லவில்லை, முள் என்று மட்டும் சொல்கிறார். அதை எடுத்துவிடும்படி ஆண்டவரிடம் மூன்று தரம் மன்றாடினார். ஆண்டவர் எடுக்கவில்லை. என் கிருபை உனக்குப் போதும், நீ பலம் இல்லாமல் கிடக்கிற இடத்தில்தான் என்னுடைய பலம் முழுமையாகத் தெரியவரும் என்ற பொருளில் ஒரு பதில் மட்டும் கிடைத்தது. அதற்குப் பிறகு அந்த மனிதர் தன்னுடைய பலவீனத்தைப் பற்றியே பெருமை பேசத் தொடங்கிவிட்டார்.

பக்கத்துக் கட்டில்காரர் முழுவதையும் கேட்டார். பிறகு தலையை என் பக்கம் திருப்பினார்.

"முள்ள எடுத்தாரா, எடுக்கலயாம்மா?"

"எடுக்கேல்லை."

"அப்போ முள்ளு அங்கயேதான் இருக்கு."

"ஓம். ஆனா..."

"கேட்டது முள்ள எடுக்கச் சொல்லி. கெடச்சது பேச்சு. நம்ம ஊரு அரசியல்வாதி மாதிரியில்ல இருக்கு."

எனக்கு வந்ததே கோபம்! "இது ஆண்டவரின்ர வசனம் தம்பி, எலெக்சன் மேடைக்கதை இல்லை!" என்று தொடங்கி, பலவீனம் என்றால் என்ன, கிருபை என்றால் என்ன என்று நான் விளக்கிய விளக்கம் கடைசிக் கட்டில்வரைக்கும் கேட்டிருக்கும். மிஸ்ஸி ஓடிவந்து மெசினைப் பார்த்தா. "தபாலம்மா, கொஞ்சம் மெதுவாக் கதையுங்கோ, உங்களுக்குப் பிரஷர் ஏறுது" என்றா. அவர் சிரித்தார். சிரித்துவிட்டுத் திரும்பவும் கூரையைப் பார்த்தார். பலம் இல்லாமல் கிடந்தால் ஆண்டவர் பலம் தருவார் என்று கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்கு உடம்பில் பலம் நிறைய இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. அடுத்த செவ்வாயும் வரவில்லை. மிஸ்ஸி வீட்டுக்குப் போன் பண்ணினா. மனைவிதான் எடுத்திருக்கிறா. அவர் வரமாட்டாராம், இனி மெசினே வேண்டாமாம் என்று அழுதிருக்கிறா. நான் அந்த நம்பரை வாங்கி, வீட்டுக்கு வந்து நானே எடுத்துக் கதைத்தேன். அப்போதுதான் விசயம் தெரிந்தது. கடைசியாக மெசின் முடிந்து வீடு திரும்பிய அன்று, பஸ்ஸால் இறங்கும்போது அவருக்குக் கால் மடங்கிவிட்டது. மனைவி அவரை இடுப்பில் பிடித்துத் தூக்கி இறக்கியிருக்கிறா. சந்தியில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்கிக்கொண்டு அதே சந்தியால் நடந்த மனிதன். அன்று வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்தவர், இனி என்னை யாரும் தூக்க வேண்டாம் என்றாராம்.

மெசினை விட்டவர்களுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் வார்டில் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. உடம்பு வீங்கும். மூச்சு முட்டும். அதற்குப் பிறகு அந்தக் கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருப்பார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் அவர் வராததால் அவருடைய கட்டிலில் வேறு ஒருவரைப் போட்டார்கள். நல்ல பிள்ளை, பாவம், அவனிலும் எனக்குக் கோபம் வந்தது. இன்னும் ஒரு கிழமை போனால் பக்கத்துக் கட்டில்காரர் உயிரோடு இருக்கமாட்டார் என்ற எண்ணம் சனி ஞாயிறு முழுக்க என்னை இருக்கவிடவில்லை. ஞாயிறு ஆராதனையில் பாட்டு நடக்கும்போதே தீர்மானித்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை அவரை மெசினுக்குக் கொண்டுவந்துதான் மறுவேலை.

திங்கட்கிழமை காலை ஓட்டோ பிடித்துக்கொண்டு போனேன். டவுன் தாண்டி, வயல் தாண்டி, காட்டோரமாக ஒரு குடியேற்றம். வழி முழுக்க என்ன சொல்வது என்று ஒழுங்குபடுத்திக்கொண்டே போனேன். முள்ளில் தொடங்கக் கூடாது, அதில் போன முறை சறுக்கிவிட்டது. மனைவியில் தொடங்கவேண்டும். பிறகு பிள்ளைகள். பிறகு ஆண்டவர். ஓட்டோக்காரரைப் பன்னிரண்டு மணிபோல வரச்சொல்லி அனுப்பிவிட்டு உள்ளே போனேன்.

பூச்சுப் பூசாத கல்வீடு. முற்றத்தில் ஒரு வயதான அம்மா விறகு பிளந்துகொண்டிருந்தா. மகள் கச்சான் கடலை பிடுங்கக் கூலிக்குப் போய்விட்டா, பிள்ளைகள் பள்ளிக்கூடம், மருமகன் உள்ளே தூங்குகிறார், ராத்திரி முழுக்க மூச்சு இழுத்துக்கொண்டு தூக்கமே இல்லை, இப்போதுதான் கண் அயர்ந்தார் என்றா. மகள் தனியாகக் கஷ்டப்படுகிறாளே என்று தோட்டத்திலிருந்து வந்து மூன்று நாள்தான் ஆகிறதாம். எழுப்ப வேண்டாம், இருந்து பார்க்கிறேன் என்றேன். வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டா. பிறகு வீட்டுக்குப் பின்னால் போய், சீவிய இளநீர் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினா.

"வேண்டாம் அம்மா" என்றேன். "எனக்கு வருத்தம். இது குடிக்கக் கூடாது."

அவா கையை மடக்கவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. பழகிப்போன ஒரு விசயத்தைச் சொல்வதுபோலச் சொன்னா: "ஆமாங்க தாயி. எங்க வீட்டுக்கு வந்தா எல்லாருக்கும் ஒரு வருத்தம் வந்துருதுங்க."

அந்தச் சொல் எனக்கு எங்கே பட்டது என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து இங்கே வந்து குடியேறிய எங்களில் எத்தனையோ பேர், தோட்டத்திலிருந்து வந்த சனத்தின் வீட்டில் தண்ணீர் தொடமாட்டோம். வெளியே சொல்வதில்லை. அதற்கென்று ஒரு மரியாதையான கதை இருக்கிறது. இப்பதான் குடிச்சிட்டு வாறம், வயிறு சரியில்லை, விரதம், டொக்டர் வேண்டாம் எண்டவர். சொல்கிறவர்களுக்கும் தெரியும், கேட்கிறவர்களுக்கும் தெரியும். எங்கள் அப்பா சபையில் மூப்பர். ஜெபிக்க எந்த வீட்டுக்கும் போவார், ஆனால் சில வீடுகளுக்குப் போகும்போது மட்டும் சைக்கிளில் தன்னுடைய தண்ணீர்ப் போத்தல் தொங்கும். நான் சொன்னது உண்மை. ஆனால் அந்த வாசலில் நின்று என்னுடைய சாதிசனம் இவ்வளவு காலமும் சொல்லிவந்த பொய்யும் எழுத்துக்கு எழுத்து அதேதான்.

வாங்கிக் குடித்தேன்.

வேறு என்ன செய்திருக்கலாம் என்று பிறகு எல்லாரும் எனக்குச் சொல்லித்தந்தார்கள். கையில் ஊசி குத்திய அடையாளத்தைக் காட்டியிருக்கலாம், ஒரு மிடறு குடித்துவிட்டு வைத்திருக்கலாம், அவரை எழுப்பியிருக்கலாம். ஓம், இருக்கலாம். இருந்து யோசித்தால் எனக்கும் பத்து வழி வரும். அந்த நேரத்தில் வரவில்லை. அவா எனக்கு முன்னால் நிலத்தில் குந்தி, நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தா. முடித்ததும் கோம்பையைப் பிளந்து வழுக்கையை வழித்துத் தந்தா. முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "மருமகப்புள்ளைக்குத் தண்ணிதான் ஆகாதாம். இது தண்ணி இல்லையே தாயி, மருந்தாச்சே" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவதைச் சீவிக்கொண்டு வந்தா. முதலாவதைக் குடித்தவள் இரண்டாவதை எந்த வாயால் மறுப்பது? அதோடு, உண்மையைச் சொல்கிறேன், எத்தனை மாதத் தாகம் அது. ஐயோ, அந்த ருசி!

சத்தம் கேட்டு அவர் எழுந்து வந்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால் இரண்டும் வீங்கி, கண்ணிமை தடித்து, மூன்று சொல்லுக்கு ஒருதரம் மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்துக் கும்பிட்டார். முற்றத்தில் கிடந்த கோம்பைகளை அவர் அப்போது பார்க்கவில்லை. நான் ஓட்டோவில் ஒழுங்குபடுத்தியதைத் தொடங்கினேன். மனைவி என்றேன். பிள்ளைகள் என்றேன்.

"அவங்களுக்காகத்தாம்மா" என்றார். "நா இருந்தா பாரம். அவ என்னயத் தூக்கித் தூக்கி இடுப்பொடஞ்சு போயிருவா. நா தூக்கித்தாம்மா பழக்கம். தூக்கிவிடச் சொல்லிப் பழக்கமில்ல."

"அப்ப செத்தாத் தூக்கமாட்டினமோ? அதுக்கும் நாலு பேர் வேணும், தெரியுமோ?"

"அது ஒருவாட்டியோட முடிஞ்சிரும்."

என்ன மனிசன் இவர்! ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கதைத்தேன். கெஞ்சினேன், ஏசினேன், வசனம் சொன்னேன். முருகனையும் துணைக்கு இழுத்தேன், ஆண்டவர் மன்னிக்கட்டும். ஒன்றும் ஏறவில்லை. அவர் குரலை உயர்த்தவே இல்லை, அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. கடைசியில், "நீங்க நல்லவங்கம்மா. ஆனா முள்ளு என்னோடது" என்றார். அதோடு எனக்கு விசர் பிடித்துவிட்டது. "அப்ப இருந்து சாவும்! நான் போறன்" என்று சொல்லிக் கதிரையால் எழும்பினேன்.

எழும்பவில்லை. அதாவது, எழும்பச் சொல்லி உத்தரவு போட்டேன், கால் கேட்கவில்லை. திரும்பவும் ஊன்றிப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாததுபோல இருந்தது. உதடு விறைத்தது. கோபத்தில் நெஞ்சு படபடக்க வேண்டிய நேரத்தில், அது என்னவோ யோசித்து யோசித்து அடிப்பதுபோல அடித்தது. கதிரையோடு ஒரு பக்கம் சரிந்தேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு முற்றத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருடைய கண்ணில் கோம்பைகள் பட்டன.

"யாரு குடிச்சா?"

அவருடைய மாமி, அந்த வயதான அம்மா, "தாயிக்குத்தான் குடுத்தேன்" என்றா. அவர் முகம் வெளுத்தது. என்னிடம் வந்து கையைப் பிடித்து நாடி பார்த்தார். எங்களுக்கு எல்லாருக்கும் அந்தப் பழக்கம் இருக்கிறது.

அந்த வீட்டில் அப்போது இருந்தது மூன்று பேர். அந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரி எந்தத் திசையில் என்றே தெரியாது, ஐயோ சாமி என்று தலையில் அடித்துக்கொண்டு நின்றா. எனக்கு நாக்குத் தடித்து, சொல்வது எனக்கே விளங்கவில்லை. மிச்சம் அவர் ஒருவர்தான். என் கைப்பையில் இருந்த போனை எடுத்து ஓட்டோக்காரரைக் கூப்பிட்டார். சட்டையைக் கொழுவினார். ஓட்டோ வந்ததும் மாமியும் ஓட்டோக்காரரும் என்னைத் தூக்க, அவர் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் என் தலை இடிபடாமல் பிடித்தார். மூட்டை தூக்கியவருக்கு அன்றைக்குத் தூக்க முடிந்தது என்னுடைய தலையை மட்டும்தான்.

ஓட்டோவில் என்னைத் தன் தோளில் சாய்த்து வைத்திருந்தார். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. யாருடைய மூச்சு யாருடையது என்று பிரித்தறிய முடியவில்லை. வழியில் கேட்டார்:

"தெரிஞ்சிக்கிட்டே ஏம்மா குடிச்சீங்க? எனக்கும் நேத்து வெட்டிக் குடுத்தாங்க. நா கோழிக்கூட்டுக்குப் பின்னால போயி ஊத்திட்டேன்."

நாக்கு தடித்துக் கிடந்தாலும் எனக்குக் காது நன்றாகக் கேட்டது. சாகப்போகிறேன் என்று படுத்தவர், இளநீரைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் ஊற்றியிருக்கிறார்! அதைச் சொல்லிச் சண்டை பிடிக்க எனக்கு அன்றைக்குத் தெம்பு இருக்கவில்லை. இருந்திருந்தால் நிச்சயமாகப் பிடித்திருப்பேன், எல்லாம் கெட்டிருக்கும். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன்.

"உங்கட வீட்டில... குடிக்க மாட்டன் எண்டு... அம்மா நினைச்சிடுவா எண்டு."

அவருடைய தோள் குலுங்கியது. ஓட்டோ பள்ளத்தில் விழுந்த குலுக்கம் என்று நினைத்தேன். பிறகு என் நெற்றியில் ஈரம் பட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் அவர்தான் இறங்கி டொக்டரிடம் சொன்னார். "மெசின் பேசண்ட்... வெள்ளிக்கிழம போட்டது... ரெண்டு எளநி... பொட்டாசியம்..." ஒவ்வொன்றுக்கும் நின்று மூச்சு வாங்கிச் சொன்னார். டொக்டர் என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போகச் சொல்லிவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க ஆர்? உங்களுக்கு என்ன நடந்தது?" என்று டொக்டர் கேட்டது என் காதில் விழுந்தது. கையில் ஊசி ஏற்றினார்கள், நெஞ்சில் வயர் ஒட்டினார்கள். தாளில் கோடு ஓடியது, அதைப் பார்த்து ஆட்கள் அவசர அவசரமாகக் கதைத்தார்கள். நான் ஜெபிக்க முயன்றேன். பிரசங்கத்தில் வருவதுபோல ஒரு வசனமும் வரவில்லை. ஆண்டவரே, அவரை வீட்டுக்கு விட்டுடாதையும் என்ற ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

பின்னேரம் எங்கள் வார்டுக்குக் கொண்டுபோய் மெசினில் போட்டார்கள். கண் திறந்து பார்த்தபோது பக்கத்துக் கட்டிலில் அவர். மூக்கில் ஒட்சிசன் குழாய். கையில் இரண்டு ஊசி. எங்களுடைய மிஸ்ஸி இரண்டு கட்டிலுக்கும் நடுவில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றா.

"ஒருத்தர் இளநி குடிச்சிட்டு வாறா, ஒருத்தர் மெசினுக்கே வராமல் வாறார். நாங்கள் என்ன செய்யிறது உங்களை வைச்சுக்கொண்டு?" என்று ஏசினா. ஏசும்போது அவாவின் கண் கலங்கியிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. வார்டே ஆச்சரியப்பட்டது என்று பிறகு சொன்னார்கள்.

அவர் உடனே நித்திரையாகிவிட்டார். மூச்சு மெல்ல மெல்லச் சீராகியது. நான் அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். அந்த மனிதரை இந்தக் கட்டிலுக்குக் கொண்டுவர நான் எடுத்த அத்தனை பிரயத்தனமும் என் கண்முன் வந்தது. குரல், கோபம், ஓட்டோவில் ஒழுங்குபடுத்திய பேச்சு, ஒன்றுக்கும் அவர் அசையவில்லை. என்னால் எழும்ப முடியாமல் போன நிமிசத்தில்தான் அவர் எழும்பினார். அவரும் என்ன பலத்தில் எழும்பினார்? அவரிடமும் ஒன்றும் இருக்கவில்லை. வீங்கிய காலும் கால்வாசி மூச்சும். இரண்டு பேரையும் கூட்டினாலும் ஒரு முழு ஆள் வராது. பிறகு எப்படி இரண்டு பேரும் இங்கே வந்து சேர்ந்தோம்? எத்தனையோ ஞாயிறுகளில் நான் அந்த முள்ளைப் பற்றிப் பிரசங்கித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அது என்னவென்று பயத்தோடு விளங்கியது. சந்தோசம் என்று சொல்லமாட்டேன். இதுக்காக என்னைச் சாகக் கிடத்த வேணுமோ ஆண்டவரே என்று உள்ளுக்குள் கொஞ்சம் சண்டையும் பிடித்தேன்.

மூன்று நாள் வைத்திருந்துவிட்டு என்னை வியாழக்கிழமை வீட்டுக்கு விட்டார்கள். அவரை அதற்கு முதல் நாளே விட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை வழமையைவிட முந்தியே ஓட்டோவில் ஏறிவிட்டேன். ஆள் வராவிட்டால் திரும்பவும் போய்க் கதைக்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. சொல்ல வேண்டியது எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தேன், குடிக்க வேண்டியதையும் குடித்திருந்தேன். வார்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு போகிறேன், அவர் கட்டிலில் இருக்கிறார். மனைவி பக்கத்தில் நிற்கிறா.

"வந்திட்டீரோ?" என்றேன்.

"வர மனசே இல்லம்மா" என்றார். "இங்க வர்ற வழில நீங்க யாரு வீட்டுலயாச்சும் எளநி குடிச்சிட்டீங்களோன்னு பாக்க வந்தேன்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. பஸ்ஸால் இறங்கும்போது இப்போது தானாகவே தோளில் கையைப் போடுகிறார் என்று பிறகு என் காதோடு சொன்னா.

அந்த வயதான அம்மா என்னைப் பார்க்க என் வீட்டுக்கு வந்தா. கொலை செய்யப் பார்த்தேனே தாயி என்று காலில் விழப்போனா. நான் கையைப் பிடித்து மேசைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தா. எனக்கு அந்தத் தேத்தண்ணியில் அரைக் கோப்பைகூடக் கூடாது. அவா குடிப்பதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

இதெல்லாம் நடந்து கொஞ்ச மாதமாகிறது. இரண்டு பேருக்கும் முள் எடுபடவில்லை. செவ்வாயும் வெள்ளியும் அதே மெசின், அதே ஊசி. நான் இப்போதும் சத்தமாகத்தான் கதைக்கிறேன், அது போகிற வருத்தம் இல்லை. போன செவ்வாய்க்கிழமை, ஊசி ஏற்ற முதல், அவர் தலையை என் பக்கம் திருப்பினார்.

"அம்மா, அந்த முள்ளுக்காரரு."

"ஓம், அவருக்கு என்ன?"

"அவருக்குப் பக்கத்துக் கட்டில்ல யாரும் இருந்தாங்களா?"

நான் யோசித்தேன். அந்த நிருபத்தில் எனக்கு மனப்பாடமான இடங்களை எல்லாம் ஓட்டிப் பார்த்தேன். "அப்பிடி ஒண்டும் எழுதேல்லை" என்றேன்.

"இருந்திருப்பாங்க. எழுத மறந்திருப்பாரு."

மிஸ்ஸி ஊசித் தட்டோடு வந்தா. அவா கேட்க முதலே அவர் கையை நீட்டினார்.